மணல் கையில் இருந்தால் சாவு இல்லை, அப்புறம் என்ன சவால்?

அடிவாரம் தம்பி கேட்டது, 2025 மே 3

அண்ணா, இங்கே ஆளாளுக்கு ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ என்று தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். தள்ளுபடியில் கிடைத்ததால் வாங்கி ஆரம்பித்தேன். தவறி விழுந்தால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், விழுந்ததே இல்லை என்று ஆகிவிடுகிறது. சாகப் பயமே இல்லாத கேம் ஒரு கேமா? 2003இல் வந்ததற்கு இத்தனை வருஷம் கழித்தும் இவ்வளவு பேச்சு எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2025 மே 3, இரவு

எது வரைக்கும் வந்திருக்கிறீர்கள் என்று சொல்லவே இல்லையே தம்பி. பேச்சைப் பார்த்தால் அஸாத் சுல்தானின் அரண்மனைக்குள் இப்போதுதான் கால் வைத்திருப்பீர்கள். அங்கே மணல் தாராளம், அறைகளும் சாது. உள்ளே போங்கள். காலத்தைத் திருப்பும் அந்தக் கத்தியில் மணல் காலியான பிறகு ஒரு தடவை விழுந்து பாருங்கள். அதற்கப்புறமும் இதே கேள்வி இருந்தால் பேசுவோம்.

2025 மே 4

நேற்று கடை மூடும் அவசரத்தில் எழுதியது. சேலம் ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் மனுஷன் மாதிரி உட்கார்ந்து எழுத நேரம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். பாரசீக இளவரசனும் அவன் அப்பா ஷாராமன் ராஜாவும் இந்திய மகாராஜா ஒருவரின் அரண்மனையைத் தாக்கிக் கொள்ளையடிக்கிறார்கள். இளவரசனுக்கு ஒரு குத்துவாள் கிடைக்கிறது. கூடவே பெரிய மணல் கடிகாரம் ஒன்றும் சிக்குகிறது. அதை அஸாத் சுல்தானுக்குப் பரிசாகக் கொண்டுபோகிறார்கள். மகாராஜாவைக் காட்டிக் கொடுத்த மந்திரியின் பேச்சைக் கேட்டு இளவரசன் அந்தக் கடிகாரத்தைக் கத்தியால் திறந்துவிட, மணல் பரவி எல்லோரும் பேயாகிவிடுகிறார்கள். தப்பியது மூன்று பேர்: கத்தி வைத்திருக்கும் இளவரசன், கோல் வைத்திருக்கும் மந்திரி, கழுத்தில் பதக்கம் போட்டிருக்கும் மகாராஜாவின் மகள் ஃபாரா. நாம்தான் கெட்டதைத் தொடங்கி வைத்தவன் என்பது முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. எனக்கு அது பிடித்திருந்தது. உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பியவன் இல்லை இவன், தான் கொட்டியதைத் தானே அள்ளுகிறவன்.

இப்போது மணல் கணக்கு. கத்தியில் மணல் நிற்க ஒரு அளவு உண்டு. காலத்தைப் பின்னால் ஓட்டினால் மணல் செலவு. சுற்றியிருப்பதை மெதுவாக்கினாலும் செலவு. வரவு எங்கே? பேய்களை அடித்துக் கீழே சாய்த்து, அவை எழுவதற்குள் கத்தியைச் செருகி மணலை உறிஞ்ச வேண்டும். விட்டுவிட்டால் எழுந்து மறுபடி வரும். அறைகளின் மூலைகளில் மிதக்கும் மணல் திரள்களை எடுத்துச் சேர்த்தால் கத்தியின் கொள்ளளவும் கூடும். ஆக, சண்டை வரவு, தாவல் செலவு. சண்டையே இல்லாத நீண்ட தாவல் பகுதிகளில் செலவு மட்டும்தான். அங்கேதான் பல பேர் கையைச் சுட்டுக்கொள்வார்கள். சின்னச் சறுக்கலுக்கெல்லாம் பட்டனை அமுக்கிவிட்டு, பெரிய பள்ளத்துக்கு மேல் தொங்கும்போது கத்தி காலி.

2025 மே 4, மதியம்

அம்மாபேட்டை அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார்: “எனக்கு விரல் வேகம் கிடையாது. பையன் ஆடும் மற்ற கேம் எதையும் நான் பாதி தாண்டினதில்லை. இதை முடித்தேன். பின்னால் ஓட்ட முடிந்ததால்தான் முடித்தேன். அது குற்றமா?”

குற்றமே இல்லைங்க அக்கா. தம்பியின் கேள்விக்கு நான் சொன்ன பதிலைவிட உங்களுடையது நல்ல பதில். மற்ற கேம்களில் செத்தால் என்ன நடக்கும்? திரை கறுக்கும், லோடிங் ஓடும், பழைய இடத்திலிருந்து ஏற்கெனவே தாண்டியதையெல்லாம் மறுபடி தாண்ட வேண்டும். மணல் அதைத்தான் எடுத்துவிடுகிறது. தாண்ட முடியாத பள்ளத்தை அது தாண்டித் தராது. அந்தத் தாவலை நீங்கள்தான் செய்தாக வேண்டும். கஷ்டம் அப்படியே இருக்கிறது, காத்திருப்பது மட்டும்தான் போகிறது.

2025 மே 6

தம்பிக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் காலத்தில் சாகிற பயத்தைவிட கிராபிக்ஸ் கார்டு பயம்தான் பெரிசு. இந்த கேமின் கணினிப் பதிப்பு ஜிஃபோர்ஸ் 4 எம்.எக்ஸ். கார்டில் ஓடாது. பெயரில் 4 இருக்கிறதே தவிர, அதற்கு முந்தைய ஜிஃபோர்ஸ் 3இல் இருந்த ஷேடர் வசதி (ஒளி, நிழல், நிறத்தைக் கணக்கிட்டு வரைவது) அதில் இல்லை. நான் வேலை பழகிய நெட் சென்டரில் இருந்தது அதே கார்டுதான். ஓனர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, டிஸ்க் டூப்ளிகேட் என்று முடிவு கட்டிவிட்டார். (டிஸ்க் டூப்ளிகேட்தான், அது வேறு விஷயம்.) ‘4 இருக்கு, 3 கேக்குது, ஓடலன்னா எப்படி?’ என்று அவர் கேட்டதற்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை.

அப்புறம் சொந்தமாக மெஷின் வந்து, மின்வெட்டுக் காலமும் வந்தது. 2012 வாக்கில் சேலத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த கேமில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. தரையிலிருந்து எழும்பி நிற்கும் மணல் தூணுக்குள் நுழைந்தால்தான் சேவ். அடுத்த தூண் வருவதற்குள் கரண்ட் போகுமா போகாதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுவரில் ஓடியிருக்கிறேன். யு.பி.எஸ். இரண்டு நிமிஷம் ‘கீச் கீச்’ என்று கத்திவிட்டு அணையும். அந்தக் கத்தல் கேட்டதும் தூணைத் தேடி ஓடுவேன் பாருங்கள், மந்திரி துரத்தினால்கூட அப்படி ஓடமாட்டேன். சவால் இல்லை என்கிறாரே தம்பி.

2025 மே 9

ஓமலூர் நண்பர் ‘காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவதை உலகத்திலேயே முதலில் கொண்டுவந்தது இதுதான்’ என்று அடித்துச் சொல்கிறார். இல்லைங்க. எக்ஸ்பாக்ஸில் 2002இலேயே ‘பிளிங்ஸ்: தி டைம் ஸ்வீப்பர்’ வந்துவிட்டது. பூனை ஒன்று காலத்தை நிறுத்தும், ஓட்டும், திருப்பும். மெதுவாக்கும் வித்தை அதற்கும் முன்னால் 2001இல் ‘மேக்ஸ் பெய்ன்’ காட்டியதுதான். முதலில் செய்தது யார் என்ற பந்தயத்தில் இளவரசன் ஜெயிக்கமாட்டான்.

பின்னால் வந்ததையும் பாருங்கள். 2008இல் ‘கிரிட்’ கார் பந்தயத்தில் மோதலைத் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டும் வசதி வைத்தார்கள். அதே வருஷம் ‘பிரெய்ட்’ வந்தது. அதில் திருப்புவதற்குக் கணக்கே கிடையாது, வேண்டுமளவு திருப்பலாம். அதனால் அதில் சாவு ஒரு பொருட்டே இல்லை, புதிர் மட்டும்தான் மிச்சம். தம்பி கேட்ட கேள்வியை ‘பிரெய்ட்’டிடம் கேட்டிருந்தால்தான் பொருத்தம். அதுவும் நல்ல கேம்தான் என்பதால் கேள்வி அங்கேயும் நிற்காது.

2025 மே 11

தாவலைப் பற்றி யாருமே எழுதவில்லை. எல்லோரும் மணலையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

இந்த கேமின் உயிர் அந்த உடம்பு. சுவரில் பக்கவாட்டில் சில அடி ஓடுவான், வேகம் குறையக் குறைய உடம்பு வளைந்து கீழே இறங்கும், சரியான நொடியில் உந்தினால் எதிர்ச்சுவருக்குப் போவான். இரண்டு சுவர் நெருக்கமாக இருந்தால் மாறி மாறி உதைத்து மேலே ஏறுவான். கம்பியில் ஊசலாடுவான், தூணைக் கட்டிப்பிடித்துச் சுற்றுவான், கயிற்றில் தொங்கிக்கொண்டே திசை மாற்றுவான். விளிம்பைப் பிடிக்கும்போது வருகிற அந்தச் சின்ன முனகல் சத்தத்தைக் கவனியுங்கள். இவன் களைப்பான் என்று நம்ப வைப்பது அதுதான்.

இது இந்தக் குடும்பத்தில் பரம்பரைச் சொத்து. 1989இல் ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காகச் செய்த முதல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வில் ஓடுகிற, குதிக்கிற ஒவ்வொரு அசைவும் அவருடைய தம்பி டேவிட்டை வீடியோ எடுத்து, படம் படமாகப் பார்த்து வரைந்தது. அதனால்தான் அந்த வெள்ளை உடைக்காரன் குதிப்பதற்கு முன் காலை ஊன்றுவான், நின்ற பிறகும் ஒரு எட்டு சறுக்குவான். 2003 கேமை எடுத்தது யூபிசாஃப்ட் நிறுவனத்தின் மான்ட்ரியல் ஸ்டூடியோ, படைப்பு இயக்குநர் பத்ரிஸ் டெசிலே. கதையை எழுத மெக்னரையே கூட்டி வந்தார்கள்.

ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்கைப் பார்த்திருப்பீர்கள். பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு அப்படியே தாவாது. கிளையை ஒரு தடவை பார்க்கும், உடம்பைச் சுருக்கும், அப்புறம்தான் தாவும். இளவரசனை ஓட்டும்போது நாம் கற்றுக்கொள்வதும் அந்தப் பார்வையைத்தான். அறைக்குள் நுழைந்ததும் கேமரா ஒரு சுற்று சுற்றி வழியைக் காட்டும். சேவ் தூணுக்குள் போனால், வரப்போவதெல்லாம் துண்டு துண்டாக மின்னி மறையும். முதல் தடவை ஒன்றும் புரியாது. ஏதோ கம்பி, ஏதோ சுவர், ஒரு ரம்பச் சக்கரம். அந்த இடத்துக்கு வந்து நிற்கும்போது ‘அட, இதைத்தானே பார்த்தோம்’ என்று இருக்கும்.

2025 மே 11, இரவு

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அரண்மனைக்குள் ஏன் இத்தனை ரம்பம், முள், சுழலும் கத்தி? எந்த ராஜா இப்படி ஒரு வீட்டில் குடியிருப்பான் என்று என் மச்சான் கேட்டுக்கொண்டே இருப்பான். அதற்கு கேமிலேயே பதில் இருக்கிறது.

ஆரம்பத்தில், இன்னும் பேயாகாத ஒரு காவல்காரன் இளவரசனிடம் அரண்மனையின் தற்காப்பு இயந்திரத்தை ஓட விடச் சொல்லிக் கெஞ்சுவான். பேய்களை அடக்க அதுதான் வழி என்பது அவன் கணக்கு. பெரிய உருளைத் தண்டுகளைத் தள்ளித் திருப்பி, ஒன்றோடொன்று பொருந்தும்படி வைத்து, நடுவில் இருப்பதைச் சுழற்ற வேண்டும். கீழே நின்று அவன் சொல்லிக்கொண்டே இருப்பான், மேலே நாம் தள்ளிக்கொண்டே இருப்போம். மூளையைக் கசக்கி ஒருவழியாக முடித்தால் என்ன ஆகிறது? பொறிகள் எல்லாம் உயிர் பெறுகின்றன. இனி போகிற வழியெல்லாம் அந்தப் பொறிகளுக்கு நடுவில்தான் நாம் புரள வேண்டும். வழியில் பெரிய பறவைக்கூண்டு, குகை, நூலகம் எது வந்தாலும் ‘இதை ஓட விட்டது யார்’ என்று யாரையும் திட்ட முடியாது. கடிகாரத்தைத் திறந்ததும் இவன்தான், பொறியை முடுக்கியதும் இவன்தான். கதையும் ஆட்டமும் ஒரே ஆளைக் குற்றவாளி ஆக்குவது இந்த இடத்தில்தான்.

2025 மே 14

பாராட்டியது போதும். சண்டை.

சண்டை சுமார். இருபது வருஷத்துக்கு முன்பும் சுமார்தான், இப்போது இன்னும் சுமார். முதலில் ஆளின் தோள்மேல் கை ஊன்றித் தாண்டிப் பின்னால் வெட்டுவது கொள்ளை அழகு. அதையே அடுத்த பல மணி நேரம் செய்து கொண்டிருப்பீர்கள். ஒன்று விழுந்தால் இரண்டு முளைக்கும். நாலு பேரைச் சாய்த்து அறை அமைதியானது என்று மூச்சு விட்டால், இன்னும் நாலு பேர். எப்போது முடியும் என்று ஆட்டம் சொல்லாது. கேமரா வேறு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

ஃபாரா வில்லோடு கூடவே வருவாள். நல்ல துணை, சுவர் விரிசலுக்குள் நுழைந்து கதவெல்லாம் திறந்து விடுவாள். ஆனால் அவள் எய்யும் போது குறுக்கே நின்றால் நமக்கும் விழும். அவள் செத்தாலும் ஆட்டம் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு லிஃப்ட் சண்டை உண்டு. இடம் கொஞ்சம், பேய் நிறைய, ஒரு ஓரத்தில் ஃபாரா அடி வாங்கிக்கொண்டிருப்பாள். அங்கே கன்ட்ரோலரைத் தூக்கி எறிந்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். மெத்தை மேல்தான் எறிந்தேன், கன்ட்ரோலர் விலை அப்படி.

2025 மே 15

‘சண்டை சுமார் என்றால் வரவு சண்டையில்தான் என்று நீங்களே எழுதினீர்களே, அப்போ பாதி ஆட்டம் சுமாரா?’ என்று ஓமலூர் நண்பர் மடக்குகிறார். மடக்கட்டும். பாதி இல்லை, மூன்றில் ஒரு பங்கு. தாவலில் மணலைச் சிக்கனமாகச் செலவு செய்தால் சண்டையில் அவ்வளவு அள்ள வேண்டாம். ஆனால் கட்டாயச் சண்டைகள் கட்டாயச் சண்டைகள்தான், தப்ப வழியில்லை. அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை.

2025 மே 17

யாரும் கேட்காத இன்னொன்று. நீங்கள் மணல் இல்லாமல் விழுந்து செத்தால், இளவரசனின் குரல் கேட்கும். ‘இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை’ என்கிற மாதிரி சொல்லுவான். திரும்ப ஆரம்பிப்பீர்கள். சேவ் செய்தால், அடுத்த முறை கதையை இந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன் என்பான். அதாவது நாம் ஆடுவது நடந்துகொண்டிருக்கும் விஷயம் இல்லை, அவன் யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கும் கதை. நம் சாவு அந்தக் கதையில் வாய் தவறி வந்த ஒரு வரி.

முதல் தடவை ஆடும்போது இதை அலங்காரம் என்றுதான் எடுத்துக்கொள்வோம். குரல் கொடுத்த யூரி லோவென்தால் கொஞ்சம் திமிரும் கொஞ்சம் அசட்டுத்தனமும் கலந்து பேசுவது சிரிப்பாக இருக்கும். அவன் யாரிடம் சொல்கிறான் என்பது தெரியும்போதுதான் அத்தனை சாவுக்கும் ஒரு கணக்கு இருந்தது புரியும். காலத்தைத் திருப்பும் கேம்கள் எத்தனையோ வந்தன. செத்ததற்கும் கதைக்குள் இடம் கொடுத்தது இதுதான் என்பது என் கட்சி. ‘முதலில் செய்தது யார்’ என்று 9ஆம் தேதி நடந்த சண்டையில் இதைச் சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும்.

2025 மே 18

முடிவைச் சொல்லப் போகிறேன். இருபது வருஷம் தாண்டிய கேம், இதற்கு மேல் மூடி மறைக்க முடியாது. தம்பி, நீங்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போங்கள்.

கடைசிக்கு முன்னால் ஒரு கட்டத்தில் ஃபாரா கத்தியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பதக்கத்தை இவனிடம் விட்டுவிடுவாள். எழுந்து பார்த்தால் கையில் கத்தி இல்லை. அதற்கு மேல் விடியல் கோபுரம். உயரத்துக்கு உயரம், கம்பிக்குக் கம்பி, இதுவரை கற்ற அத்தனை தாவலும் வரிசையாக வரும். திருப்ப மணல் கிடையாது. விழுந்தால் விழுந்ததுதான்.

நான் சொல்ல வந்த பதில் இந்தக் கோபுரத்தில்தான் இருக்கிறது. மணல் கணக்கு, வரவு செலவு என்று 4ஆம் தேதி எழுதியதெல்லாம் சரிதான், ஆனால் அது கடைக்காரன் பதில். ஆட்டம் ஆரம்பத்திலிருந்து பட்டனைக் கையில் கொடுத்தது, தைரியமாகத் தாவிப் பார்க்கட்டும் என்றுதான். மணல் இல்லாமல் இருந்திருந்தால், தெரியாத கம்பிக்கு யார் குதிப்பார்கள்? ஓரமாகவே நகர்ந்திருப்போம். திருப்பித் திருப்பித் தாவிப் பார்த்தே கண்ணும் கையும் பழகிவிடுகின்றன. பழகிய பிறகு கத்தியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கோபுரத்தில் ஏறும்போது விரல் தானாக இடது தோள் பட்டனைத் தேடிப் போகும், அங்கே ஒன்றும் நடக்காது. எனக்கு உள்ளங்கை வேர்த்தது அங்கேதான், ஆரம்பத்து முள்குழிகளில் இல்லை. ஆனால் ஏறிவிட்டேன். பெரிதாகத் தடுமாறவும் இல்லை. அது எனக்கே ஆச்சரியம்.

அதற்குப் பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபாரா விழப் போகும்போது இளவரசன் கத்தியின் கூர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவளைத் தாங்குவான். அவன் கை அறுபடுவதைப் பார்த்து அவளே பிடியை விட்டுவிடுவாள். அப்போது கத்தியில் மணல் இல்லை, அவளைத் திருப்ப முடியாது. கடைசியில் கடிகாரத்தில் கத்தியைச் செருகி எல்லாவற்றையும் திருப்புகிறான். படையெடுப்புக்கு முந்தைய இரவுக்கு. இவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, அவளுக்கு இவன் யாரென்றே தெரியாது. அவள் அறைக்குள் ஏறிக் குதித்து, நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்கிறான். நாம் இத்தனை நேரம் கேட்டது அந்தக் கதைதான். அவள் நம்பவில்லை. சின்ன வயதில் அவள் அம்மா சொல்லிக் கொடுத்த ரகசியச் சொல் ஒன்றை இவனிடம் அந்த நடக்காத காலத்தில் சொல்லியிருந்தாள். போகும்போது அதைச் சொல்லிவிட்டுப் போகிறான்.

2025 மே 19

அக்கா: “நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் பையனிடம் சொன்னேன். ‘கோபுரத்தில் கத்தி இல்லைன்னு நீ கவனிக்கவே இல்லையாம்மா’ என்கிறான். கவனிச்சேன்டா, எதுக்குப் புலம்பணும்னு விட்டுட்டேன் என்றேன்.”

இதுவரை நான் எழுதியதெல்லாம் வீண்.

2025 மே 24

ஏற்காடு கோடை விழாக் கூட்டம். அஸ்தம்பட்டியிலிருந்தே வண்டி நகரவில்லை, மேலே போய் ஒரு ஹோம்ஸ்டேயில் டிவி மாட்டிக் கொடுத்துவிட்டு வருவதற்குள் பொழுது போய்விட்டது. அங்கே ரிசப்ஷன் பையன் ஸ்விட்ச் கேம் கருவியில் இதே ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ வரிசையின் ‘தி லாஸ்ட் கிரவுன்’ ஆடிக்கொண்டிருந்தான். வேலையை மறந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

2024 ஜனவரியில் வந்தது. முப்பரிமாணம் எல்லாம் கிடையாது, 1989 மாதிரி பக்கவாட்டு ஆட்டம். இளவரசனைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள், நாம் அவனைத் தேடிப் போகும் சர்கோன் என்ற வீரன். இடம் காஃப் மலை. பாரசீக மொழியிலேயே வசனம் வைத்துக்கொள்ளலாம், அது அருமை. இங்கே காலம் வேறு மாதிரி. நம் நிழலை ஒரு இடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, பொறிகளுக்குள் புகுந்து, சரியான நொடியில் அந்த நிழல் நின்ற இடத்துக்கே திரும்பிவிடலாம். விழுந்த பிறகு திருத்துவது இல்லை, விழுவதற்கு முன்பே திட்டம் போட வேண்டும். அந்தப் பையன் ஒரு முள் பள்ளத்தில் நிழலை நிறுத்தி, சாவியைத் தட்டி எடுத்து, கதவு மூடுவதற்குள் திரும்பி வந்தான். நான் கைதட்டியதில் தங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொரு வசதி: போக முடியாத இடத்தைப் படம் பிடித்து வரைபடத்திலேயே குத்தி வைத்துக்கொள்ளலாம். ஞாபக மறதிக்காரர்களுக்கு வரம்.

நடுவில் வந்த மற்றவை ஒரே மூச்சில்: 2004 ‘வாரியர் விதின்’ சண்டையைச் சரிசெய்தது, ஆளைக் கெடுத்தது. எப்போதும் முறைத்துக்கொண்டே திரிவான். துரத்தும் தஹாக்கா பூதம் மட்டும் இன்னும் கனவில் வரும். 2005 ‘தி டூ த்ரோன்ஸ்’ இரண்டுக்கும் நடுவே. 2008இல் வந்ததில் எலிக்கா என்ற பெண் விழும்போதெல்லாம் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவாள், சாவே கிடையாது. அடிவாரம் தம்பி அதை ஆடினால் கேஸ் போட்டுவிடுவார். 2010 ‘தி ஃபர்காட்டன் சாண்ட்ஸ்’இல் கொட்டும் தண்ணீரை உறைய வைத்து அதையே கம்பியாகப் பிடித்து ஆடலாம். அந்த ஒரு வித்தைக்காகவே ஆடலாம்.

2025 மே 26

‘ரீமேக் வருகிறதே, பழையதை எதற்கு ஆட வேண்டும்?’ என்று ஒருவர். 2020 செப்டம்பரில் அறிவித்தார்கள். செய்தது யூபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டூடியோக்கள். நம்ம நாட்டிலேயே உருவாகிறது என்று எனக்கு அன்றைக்கு ஒரே குஷி. காட்டிய படம் சரியில்லை என்று ஊரே கழுவி ஊற்றியது. தள்ளிப் போட்டார்கள், 2022இல் வேலையை மான்ட்ரியலுக்கே மாற்றினார்கள். 2025 மே வரை வரவில்லை. (பின்சேர்க்கை: 2026 ஜனவரியில் ரீமேக்கையே கைவிட்டுவிட்டார்கள்.) பழையது இப்போதே ஓடுகிறது. அகலத் திரைக்கு மட்டும் ரசிகர்கள் செய்த திருத்தக் கோப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இளவரசன் நசுங்கித் தெரிவான்.

2025 மே 28

காலையில் தட்டுவடை செட் சாப்பிடும்போது தோன்றியது. 1989 ஆட்டத்தில் எத்தனை தடவை செத்தாலும் மறுபடி ஆடலாம், உயிர் கணக்கே கிடையாது. ஆனால் மொத்த ஆட்டத்துக்கும் 60 நிமிஷம்தான். செத்தால் லெவலின் தொடக்கத்துக்குப் போவோம், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கேயும் சாவு இலவசம், நேரத்துக்குத்தான் விலை. ஆகவே ‘சாகப் பயமே இல்லாத கேம் ஒரு கேமா’ என்ற கேள்வியைத் தம்பி 1989இலேயே கேட்டிருக்க வேண்டும். அவர் அப்போது பிறந்திருக்கமாட்டார், விட்டுவிடுவோம்.

2025 ஜூன் 1

தம்பி திரும்பி வந்துவிட்டார். எழுதியிருப்பது இவ்வளவுதான்: “அண்ணா, மணல் தீர்ந்துபோச்சு. நீலத் துணிக்காரங்க ரூம்ல மாட்டிக்கிட்டேன். தாண்டித் தாண்டிப் பார்த்தாலும் அடிச்சுக் கீழ தள்றாங்க. ஐடியா சொல்லுங்க.”

நீலத் துணிக்காரன் தலைக்கு மேல் தாண்ட விடமாட்டான் தம்பி. சிவப்புத் துணிக்காரன்தான் ஏமாறுவான். நீலத்துக்குச் சுவர்தான் வழி. சுவரைப் பார்த்து ஓடி, உதைத்து எழும்பி, அப்படியே வாளோடு அவன்மேல் பாயுங்கள். விழுந்ததும் அடுத்தவன் பக்கம் திரும்பாமல் முதலில் கத்தியைச் செருகி மணலை எடுங்கள். அறை நடுவில் நிற்கவே நிற்காதீர்கள். எங்காவது தண்ணீர் தெரிந்தால் குடித்து உயிரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

பெரிய சுத்தியலோடு ஒருத்தன் வந்தால் அவனைக் கடைசிக்கு வையுங்கள்.